பாலைவனத்தில் ஆகாயப் பந்தயம்

குதிரைப் பந்தயத்தை நேயர்களில் பலர் பார்த்திருப்பார்கள். பார்க்காதவர்களும் அதனால் குடி முழுகிப் போனவர்களின் கதைகளைக் கேட்டிருப்பார்கள். மோட்டார்ப் பந்தயமும் நமக்குப் புதிதல்ல. சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுபாதை ஒன்றில் மோட்டார்கள் சீறிப் பாய்ந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்லிக் கேட்கிறோம். ஆனால் ஆகாய விமானங்களே ஒன்றையொன்று துரத்திக்கொண்டு, பனைமர உயரத்தில், மணிக்கு 400, 450 மைல் வேகத்தில் வட்டமிடும் பந்தயம் என்றால், அதைக் கண்ணால் பார்க்காதவரையில் நம்புவது கடினம். பார்த்த பிறகும் முழுவதும் நம்ப முடியவில்லை என்பதே உண்மை.

அமெரிக்காவின் மேற்கே நெவாடா ராஜ்யத்தில் ரீனோ என்ற நகரம் இருக்கிறது. அதற்கு வடமேற்கே சுமார் 10 மைல் தூரத்தில் ஸ்டெட் விமான மைதானம். கடல் மட்டத்துக்குமேல் ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் உள்ள பாலைவனம் அது. பாலைவனம் என்றதும் மணற்குன்றையும் ஒட்டகத்தையும் நினைக்க வேண்டாம். சாம்பல் நிறப் புதர்கள், புழுதி, மொட்டை மலைகள், மேலே மேகமற்ற நீலம். இவைதான் அந்தப் பாலைவனம். காலையில் கம்பளி கேட்கும் குளிர். பகலில் தோலை உரிக்கும் வெயில். 1960-ல் அமெரிக்கா விண்வெளிக்கு அனுப்பத் தேர்ந்தெடுத்த முதல் எழுவரும், எங்கேயாவது வனாந்தரத்தில் இறங்க நேர்ந்தால் உயிர் பிழைப்பது எப்படி என்று பயின்றது இந்த ஸ்டெட் தளத்தில்தான் என்றால், இடத்தின் குணம் ஒருவாறு விளங்கும்.

இந்த மைதானத்தில் 1966 முதல் 2023 வரை, இரண்டே வருஷங்கள் தவிர, ஆண்டுதோறும் ஸெப்டம்பர் மாதத்தில் விமானப் பந்தயம் நடைபெற்று வந்தது. 2001-ல் நியூயார்க் மாளிகைகள் தாக்குண்ட சோகம் பந்தயத்தை நிறுத்தியது. 2020-ல் கொள்ளைநோய் நிறுத்தியது. ஸ்டெட்டில் இனிப் பந்தயம் இல்லை என்று அறிவிக்கப்பட்ட 2023-ம் வருஷத்தில், கடைசி நாளுக்கு முந்திய நாளான சனிக்கிழமையன்று நாம் அங்கே காலரியில் அமர்ந்திருந்தோம்.

ஏன் பாலைவனம்?

இவ்வளவு பெரிய தேசத்தில் வேறு இடமே கிடைக்கவில்லையா என்று கேட்கத் தோன்றும். கிடைத்தது, பறிபோயிற்று. யுத்தத்துக்கு முன்னும் பின்னும் கிளீவ்லாண்டு நகரம் விமானப் பந்தயத்துக்குப் பெயர் போனது. ஜனங்கள் லட்சக்கணக்கில் கூடுவார்கள். 1949-ம் வருஷம் ஸெப்டம்பர் 5-ந் தேதி, 2 வருஷங்களுக்கு முன் தன்னந்தனியாக உலகத்தையே சுற்றி வந்து புகழ் பெற்ற பில் ஓடம் என்ற விமானி பந்தயத்தில் பறந்துகொண்டிருந்தார். ஒரு திருப்பத்தில் விமானம் கைமீறிப் போய், அருகிலிருந்த பெரியா என்னும் சிற்றூரில் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. அவரும் மாண்டார், அந்த வீட்டிலிருந்த ஓர் இளந்தாயும் அவளுடைய கைக்குழந்தையும் மாண்டார்கள்.

விமானி ஆபத்தை அறிந்து ஏறியவர். காலரியில் இருந்தவர்கள் சீட்டு வாங்கி வந்தவர்கள். ஆனால் அந்தத் தாயோ? அவள் எந்தப் பந்தயத்துக்கும் போகவில்லை. பந்தயம் அவள் வீடு தேடி வந்தது. ஊர் கொதித்தது. கிளீவ்லாண்டுப் பந்தயம் அத்துடன் நின்றது. பெரிய விமானங்களின் கம்பப் பந்தயம் 15 வருஷ காலம் அமெரிக்காவில் தலை தூக்கவேயில்லை.

அதைத் திரும்ப உயிர்ப்பித்தவர் பில் ஸ்டெட். நெவாடாவில் கால்நடைப் பண்ணை வைத்திருந்தவர். யுத்த காலத்தில் விமானம் ஓட்டியவர். பின்னர் விசைப்படகுப் பந்தயங்களில் பெயர் எடுத்தவர். வீடுகள் இருப்பதால் அல்லவா விபரீதம், வீடுகளே இல்லாத இடத்தில் பறந்தால் என்ன என்பது அவருடைய எண்ணம். 1964-ல் ரீனோவுக்கு அருகே ஒரு புழுதி மைதானத்தில் முதல் பந்தயம் நடந்தது. அதில் பெரிய விமானங்களின் பிரிவில் வெற்றி பெற்ற மீரா ஸ்லோவாக் என்பவர், செக்கோஸ்லோவேகியாவில் பிரயாணி விமானியாக இருந்து, 1953-ல் தாம் ஓட்டிய விமானத்தையே மேற்கு ஜெர்மனிக்குத் திருப்பிச் சென்று தப்பியவர். அப்படிப்பட்ட மனிதருக்குக் கம்பத்தைச் சுற்றுவது விளையாட்டாகத்தான் தோன்றியிருக்கும்.

ஸ்டெட் மைதானத்தின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. பில் ஸ்டெட்டின் சகோதரர் கிராஸ்டன் ஸ்டெட் 1949-ல், அதாவது கிளீவ்லாண்டு விபத்து நேர்ந்த அதே வருஷத்தில், முஸ்டாங் விமானம் விழுந்து இறந்தார். அவர் நினைவாகவே ராணுவம் அந்தத் தளத்துக்கு ஸ்டெட் என்று பெயரிட்டது. 1966-ல் ராணுவம் வெளியேறிற்று. பந்தயம் உள்ளே வந்தது. ஆனால் அதைப் பார்க்க பில் ஸ்டெட் இல்லை. அதே வருஷத்தின் முற்பகுதியில் பிளாரிடாவில் சிறிய பந்தய விமானம் ஒன்றில் பறந்தபோது அவரும் விழுந்து இறந்துவிட்டார். சகோதரன் பெயர் தாங்கிய மைதானத்தில் தம் பந்தயம் நடப்பதை அவர் காணவேயில்லை.

பட்டறை வரிசை

தேர்த் திருவிழாவுக்குப் போகிறவர்கள் தேர் ஓடும்போது மட்டும் பார்ப்பதில்லை. முந்திய நாளே போய்ச் சக்கரத்தையும் வடத்தையும் பார்த்து வருவார்கள். ஸ்டெட்டிலும் அப்படித்தான். கூடுதல் கட்டணம் செலுத்தினால் விமானங்கள் நிற்கும் இடத்துக்கே போகலாம். அங்கே மேல்மூடி கழற்றிய யந்திரங்களுக்குள் தலையை விட்டுக்கொண்டு, முழங்கை வரையில் எண்ணெய்க் கறையுடன் மெக்கானிக்குகள் நிற்கிறார்கள். குழந்தைகள் கேட்கும் கேள்விகளுக்குச் சலிக்காமல் பதில் சொல்லுகிறார்கள். கையில் மட்டும் ஸ்பானர் ஓய்வதில்லை.

இங்கே நிற்கும் பெரிய விமானங்கள் பெரும்பாலும் யுத்தத்துக்காகப் பிறந்தவை. முஸ்டாங், பேர்காட், ஸீ பியூரி என்று பெயர்கள். யுத்தம் முடிந்ததும் இவை அநேகமாகப் பழைய இரும்பு விலைக்கு விற்கப்பட்டன. வாங்கியவர்கள் துப்பாக்கிகளைக் கழற்றினார்கள். சிறகுகளின் நுனியை வெட்டிக் குறுக்கினார்கள். விமானி அமரும் கண்ணாடிக் கூண்டைச் சிறிதாக்கினார்கள். யந்திரத்தையும் சும்மா விடவில்லை. முஸ்டாங்கின் மெர்லின் யந்திரத்தில் 12 ஸிலிண்டர்கள்; யுத்த காலத்தில் சுமார் 1,500 குதிரைச் சக்தி தந்தது. பந்தயக்காரர்கள் அதிலிருந்து 3,000-க்கு மேல் கறந்துவிடுகிறார்கள். அவ்வளவு உஷ்ணத்தில் யந்திரம் வெடித்துவிடாதிருக்க, உள்ளே போகும் காற்றோடு தண்ணீரும் சாராயச் சத்தும் கலந்து பீச்சுகிறார்கள். வெந்நீர்க் குழாய்களின் மேலும் தண்ணீர் தெளிக்கிறார்கள். யுத்தத்தில் பல மணி நேரம் உழைக்கச் செய்த யந்திரம், இங்கே பத்து நிமிஷம் உயிர் தரித்தால் போதும் என்று ஓடுகிறது.

லைல் ஷெல்டன் என்ற விமானி 1960-களின் இறுதியில், விழுந்து உடைந்து கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பேர்காட் விமானத்தை வாங்கி, நண்பர்களின் உதவியால் ஒட்டுப் போட்டு எழுப்பினார். அதற்கு 'அபூர்வக் கரடி' என்று பொருள்படும் பெயர் வைத்தார். அந்தக் கரடி 1989-ல் மணிக்கு 528 மைல் வேகத்தில் பறந்து, பிஸ்டன் யந்திர விமானங்களின் உலக சாதனையை நிலைநாட்டியது. குப்பையிலிருந்து எழுந்த விமானம் உலகத்தை வென்ற கதையை இன்றும் பட்டறை வரிசையில் சொல்லி மகிழ்கிறார்கள்.

பந்தயம் தொடங்குகிறது

தரையிலிருந்து ஒன்றாகக் கிளம்பி ஓடுவார்கள் என்று நாம் நினைத்திருந்தோம். பெரிய விமானங்களுக்கு அப்படியில்லை. எல்லாம் முதலில் மேலே போய், மலைகளுக்குப் பின்னால் வழிகாட்டி விமானம் ஒன்றின் பக்கத்தில் வரிசையாகச் சேர்கின்றன. பிறகு வரிசை கலையாமல் சரிவில் இறங்கி வருகின்றன. வரிசை நேராக இருக்கிறது என்று வழிகாட்டிக்குத் திருப்தி ஏற்பட்டதும், அவர் செங்குத்தாக மேலே விலகிக்கொள்கிறார். அவ்வளவுதான்; அவிழ்த்துவிட்ட காளைகள்! பல வருஷம் இந்த வழிகாட்டி வேலையைச் செய்தவர் பாப் ஹூவர். யுத்தத்தில் சிறைப்பட்டு, எதிரியின் விமானத்தையே எடுத்துக்கொண்டு தப்பி வந்தவர். "கனவான்களே, இனிப் பந்தயம் உங்களுடையது" என்ற கருத்தில் அவர் சொல்லும் ஒரு வாக்கியத்தைக் கேட்பதற்காகவே வந்தவர்கள் உண்டு.

பந்தயப் பாதைக்குச் சாலை கிடையாது, கயிறும் கிடையாது. பாலைவனத்தில் ஆங்காங்கே சுமார் 50 அடி உயரத்தில் தந்திக் கம்பங்கள் நட்டு, உச்சியில் வர்ணம் பூசிய பீப்பாய்களைப் பொருத்தியிருக்கிறார்கள். கம்பத்துக்கு வெளிப்புறமாகச் சுற்ற வேண்டும். உள்ளே வெட்டினால் குற்றம். ஒவ்வொரு கம்பத்தடியிலும் ஆட்கள் நின்று, தலைக்கு மேலே பறப்பவர் உள்ளே வெட்டினாரா இல்லையா என்று அண்ணாந்து பார்க்கிறார்கள். பெரிய விமானங்களின் சுற்று ஏறக்குறைய 8 மைல். முதல் வரிசை வீரர் அதை ஒரு நிமிஷத்துக்குச் சற்று ஏறக்குறைய முடித்துவிடுகிறார். எழும்பூரில் ஏறினால் இரண்டே நிமிஷத்தில் தாம்பரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் வழியெல்லாம் வீட்டு மாடிகளை உரசிக்கொண்டு போக வேண்டும்!

தூரத்தில் மலையடிவாரத்தில் அவை கொசுக்கள் போலத் தெரிகின்றன. சத்தமே இல்லை. கொசு ஈயாகிறது, ஈ பருந்தாகிறது, அடுத்த கணம் சிறகு செங்குத்தாக நிற்க, வயிறு நம்மை நோக்கித் திரும்ப, இரும்பு ஒன்று கண் முன்னே பறந்து போய்விடுகிறது. அது போன பிறகுதான் அதன் முழக்கம் வந்து நெஞ்சில் மோதுகிறது. அந்தத் திருப்பத்தில் விமானிக்குத் தம் உடல் மூன்று நான்கு மடங்கு கனக்கும். தலையைத் தூக்குவதே பாடு. அந்த நிலையில் அவர் அடுத்த கம்பத்தைத் தேட வேண்டும். முன்னால் போகிறவரின் காற்றுச் சுழலில் சிக்காமல் விலக வேண்டும். உஷ்ணமானி முள் எங்கே நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

பெரிய விமானங்கள் மட்டும் பறப்பதில்லை. 100 குதிரைச் சக்தி யந்திரத்தை வைத்துக்கொண்டு மணிக்கு 200 மைலுக்கு மேல் போகும் சின்னஞ்சிறு விமானங்கள் உண்டு. அவற்றை வீட்டுக் கொட்டகையிலேயே செய்து கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள். இரட்டைச் சிறகு விமானங்கள் தனி. யுத்த காலத்தில் விமானிகளுக்குப் பயிற்சி தந்த 'டெக்ஸன்' விமானங்கள் தனி. டெக்ஸன்கள் எல்லாம் அநேகமாக ஒரே அச்சு. ஆகவே அங்கே யந்திரத்தைவிட ஓட்டுகிறவரின் திறமைக்கே போட்டி. ஒட்டிக்கொண்டே ஆறேழு விமானங்கள் வளையும்போது அவற்றின் விசிறி நுனிகள் போடும் கூச்சல் காதைத் துளைக்கிறது.

வேகம் உயரமாகும் விதம்

நமக்கு அங்கே மிகவும் வியப்பளித்தது வேகமன்று; வேகம் ஆபத்தில் உதவும் விதம். பந்தயத்தின் நடுவே யந்திரம் பழுதாவது சர்வ சாதாரணம். அவ்வளவு தாழ்வாகப் பறப்பவர் என்ன செய்வார்? உடனே மூக்கை மேலே தூக்குகிறார். கையிலிருக்கும் வேகத்தைச் செலவழித்து உயரத்தை வாங்குகிறார். 400 மைல் வேகம் சில ஆயிரம் அடி உயரமாக மாறுகிறது. அந்த உயரத்தில் அவருக்கு யோசிக்க அவகாசம் கிடைக்கிறது. பிறகு யந்திரமில்லாமலே மிதந்து, மைதானத்தில் குறுக்கும் நெடுக்குமாக உள்ள ஓடுபாதைகளில் வசதியானதில் இறங்குகிறார். ஒரு விமானம் இப்படித் திடீரென்று மேலேறினால் காலரியில் பேச்சு அடங்கிவிடுகிறது. யார் முந்துகிறார்கள் என்பதை அந்தச் சமயம் ஒருவரும் பார்ப்பதில்லை. சக்கரம் தரையைத் தொட்ட பின் எழும் கரகோஷம், ஜயித்தவருக்குக் கிடைப்பதைவிடப் பெரிது.

ஆனால் எல்லாச் சமயமும் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. 2011-ம் வருஷம் ஸெப்டம்பர் 16-ந் தேதி 'காலப்பிங் கோஸ்ட்' என்ற முஸ்டாங் மணிக்கு 500 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் வந்துகொண்டிருந்தது. இது 1940-களில் கிளீவ்லாண்டிலேயே பந்தயம் ஓடிய விமானம். ஓட்டியவருக்கு வயது 74. வாலில் சமநிலை பார்ப்பதற்கென்று ஒரு சிறு தகடு இருக்கும். அதைப் பிடித்திருந்த திருகாணிகளின் நட்டுகள் பழையவை, தேய்ந்தவை. அவை பிடி தளரவே தகடு படபடவென்று அதிர்ந்தது. அதன் இணைப்பு முறிந்தது. மறுகணம் விமானம் தானாக மூக்கை மேலே தூக்கியது. விமானியின் உடல் 17 மடங்கு கனத்தது. அந்தக் கனத்தில் எந்த மனிதனும் நினைவோடு இருக்க முடியாது. விமானம் புரண்டு, காலரியின் முன்பகுதியில் விழுந்தது. விமானியோடு பார்வையாளர் 10 பேர் இறந்தார்கள். 60-க்கு மேற்பட்டவர்கள் படுகாயமடைந்தார்கள்.

அரசாங்கத்தின் விசாரணைக் குழு 2012-ல் கூறிய முடிவு சிந்திக்கத்தக்கது. நட்டுகளின் தேய்மானம் ஒரு காரணம். விமானத்தில் செய்த பெரிய மாறுதல்கள் முறைப்படி எழுதி வைக்கப்படாமலும், பந்தய வேகத்தில் பறந்து சோதிக்கப்படாமலும் இருந்தது இன்னொரு காரணம். 3,000 குதிரைச் சக்தியைக் கறந்த கை, நாலணா நட்டைப் புதிதாக மாற்றவில்லை!

பார்வையாளனின் பங்கு

இதன் பிறகும் பந்தயம் நடக்கலாமா என்று கேட்டவர்கள் பலர். அவர்களை நாம் குறை கூறமாட்டோம். ஆனால் மறு வருஷமே, பாதையிலும் பரிசோதனை முறையிலும் திருத்தங்கள் செய்து பந்தயம் மீண்டும் நடந்தபோது, முந்திய வருஷம் அதே காலரியில் இருந்தவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். இவர்கள் ரத்தம் பார்க்க வந்தவர்களா? இல்லை என்றே நாம் கருதுகிறோம். ரத்தம் பார்க்க வந்தவன், பழுதான விமானம் பத்திரமாக இறங்கியதற்குக் கை தட்டமாட்டான்.

அதே சமயம், நாம் பார்க்க மட்டுந்தான் வந்தோம், நமக்கென்ன பொறுப்பு என்று எழுந்து போவதற்கும் இல்லை. காலரி காலியாக இருந்தால் பந்தயம் இல்லை. நாம் கொடுக்கும் சீட்டுப் பணமே யந்திரத்துக்குத் தீனி. நாம் காட்டும் உற்சாகமே இன்னும் 5 மைல் வேகம் கூட்டத் தூண்டுகிறது. வேகத்துக்குக் கை தட்டுகிறவன், நட்டு புதிதா என்று கேட்கவும் கடமைப்பட்டவன். கிளீவ்லாண்டுத் தாய்க்கு அந்தக் கேள்வி கேட்க வாய்ப்பே இருக்கவில்லை. சீட்டு வாங்குகிறவனுக்கு இருக்கிறது. பட்டறை வரிசையில் எட்டிப் பார்த்துக் கேள்வி கேட்கும் குழந்தைகள் பெரியவர்களைவிட இந்தக் கடமையைச் சரியாகச் செய்கிறார்கள்.

வீடுகள் துரத்தி வருகின்றன

வீடில்லாத இடம் என்றுதானே பாலைவனத்தைத் தேடினார்கள்? 60 வருஷத்தில் ரீனோ வளர்ந்தது. புதர் மண்டிய வெளியில் வீடுகள் முளைத்தன. பெரிய பெரிய சரக்குக் கிடங்குகள் முளைத்தன. காலரியில் அமர்ந்து பார்த்தபோது கூரைகள் நன்றாகவே கண்ணுக்குத் தெரிந்தன. இன்ஷூரன்ஸ் செலவும் ஏறிக்கொண்டே போயிற்று. 2022-லும் ஒரு ஜெட் விமானி பந்தயத்தில் உயிரிழந்தார். இவற்றையெல்லாம் யோசித்து, 2023-தான் கடைசி என்று அந்த வருஷம் மார்ச் மாதத்தில் விமான நிலைய அதிகாரிகள் தீர்மானித்தார்கள். ஊர்க்காரர்கள் வருந்தினார்கள், தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தோடு வந்தவர்கள் கண் கலங்கினார்கள். ஆயினும் பெரியாவில் விழுந்த வீட்டை நினைப்பவர்கள் அந்தத் தீர்மானத்தைத் தவறென்று சொல்ல முடியாது.

முடிவாவது மங்களமாக இருந்திருக்கலாம். அதுவும் கொடுத்து வைக்கவில்லை. ஸெப்டம்பர் 17-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், டெக்ஸன் விமானங்களின் இறுதிப் பந்தயம் முடிந்தது. பந்தயத்தில் ஒரு குறையும் நேரவில்லை. பின்னர் இறங்க வரும்போது, முன்னணியில் வந்த இருவரின் விமானங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. இருவரும் அனுபவசாலிகள், இருவரும் இறந்தார்கள். மீதிப் பந்தயங்கள் ரத்தாயின. எல்லோரும் எதிர்பார்த்திருந்த பெரிய விமானங்களின் இறுதிப் பந்தயம் நடக்கவேயில்லை. ஸ்டெட் மைதானத்தில் 1966-ல் எழுந்த முழக்கம் இப்படி மௌனத்தில் முடிந்தது.

பந்தயம் என்னவோ முடியவில்லை. நியூ மெக்ஸிகோ ராஜ்யத்தில் ராஸ்வெல் என்ற ஊரில், இதே போல ராணுவம் விட்டுச் சென்ற ஒரு தளத்தில், இதே போன்ற வறண்ட வெளியில், 2025 ஸெப்டம்பரில் அது மறுபடியும் தொடங்கியது. மனிதனுக்கு வேகத்தின்மேல் உள்ள ஆசை அடங்குவதில்லை. அதற்கு இடம் கொடுக்க ஏதாவது ஒரு பாலைவனம் அகப்பட்டுவிடுகிறது. ராஸ்வெல்லைச் சுற்றியும் ஒரு நாள் வீடுகள் வரும். அதற்குள் பந்தயக்காரர்களும் பார்வையாளர்களும் ஒன்றைக் கற்றுக்கொண்டால் போதும்: தூரத்தில் இருக்கும் வெற்று வெளி நம்மைக் காப்பாற்றாது; அருகில் இருக்கும் நட்டைச் சரி பார்க்கும் கைதான் காப்பாற்றும்.